மதம் வேண்டாம் என்றவர்களின் மத வேர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனிதநேயம், பகுத்தறிவு, மதச்சார்பின்மை, பொதுவுடைமை என்று பேச்செடுத்தாலே ஒரு தரப்பு "இதுவும் இன்னொரு மதம்தானே" என்று கிளம்பும். மறு தரப்பு "மதத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை" என்று அடித்துச் சொல்லும். இரண்டுமே அவசரப் பேச்சு. இந்த வாதம் பெரும்பாலும் ஐரோப்பாவில் நடந்த சங்கதி என்பதால் பதில்களும் அங்கேதான் சுற்றுகின்றன. கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே.

1. செக்யுலர்னா மதத்துக்கு எதிரானதுதானே?

அந்தச் சொல் வளர்ந்த இடமே திருச்சபைதான். 'சேகுலும்' என்ற லத்தீன் சொல்லுக்குத் தலைமுறை, காலம் என்று பொருள். கிறிஸ்தவ வழக்கில் அது 'இந்தக் காலம், இந்த உலகம்' என்றாகி, நித்தியத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றது. இடைக்கால ஐரோப்பாவில் குருமாரிலேயே இரண்டு வகை. மடத்தின் ஒழுங்கு விதிக்குக் கட்டுப்பட்டவர் 'ரெகுலர்'. ஊருக்குள் மக்களோடு இருந்து பூசை வைத்தவர் 'செக்யுலர்'. கத்தோலிக்கத்தில் மறைமாவட்டக் குருக்களை இன்றும் அப்படிச் சொல்வதுண்டு. ஆக, முதல் செக்யுலர் ஆசாமி ஒரு சாமியார்!

'செக்யுலரிசம்' என்று கொள்கைப் பெயராக்கியவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக், 1851இல். 1842இல் செல்ட்டனம் நகரில் கூட்டுறவுக் குடியிருப்புகள் பற்றிப் பேசியபோது, "அங்கே கடவுளுக்கு என்ன இடம்?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். நாடு இருக்கிற வறுமையில், வேலையில்லாத ராணுவ அதிகாரிகளுக்குக் கொடுப்பதுபோலக் கடவுளுக்கும் அரைச் சம்பளம் போடலாம் என்று பதில் சொன்னார். மத நிந்தனை என்று ஆறு மாதச் சிறை கிடைத்தது. 'நாத்திகர்' என்ற முத்திரை இல்லாமல், கடவுளை நம்புகிறவரும் சேரக்கூடிய ஒரு பெயர் வேண்டும் என்றுதான் பின்னர் இந்தச் சொல்லை எடுத்தார்.

2. தமிழ்ல இதுக்கு என்ன சொல்? நாத்திகமும் இதுவும் ஒண்ணா?

ஒன்றல்ல. 'மதச்சார்பின்மை' என்பது அரசு எந்த மதத்தின் பக்கமும் சாயாமல் இருப்பது. நாத்திகம் கடவுள் உண்டா இல்லையா என்பதற்கான பதில். ஹோலியோக் இரண்டையும் பிரித்து வைத்தார். 1866இல் தேசிய செக்யுலர் சங்கத்தைத் தொடங்கிய சார்லஸ் பிராட்லா, ஒன்று மற்றொன்றில்தான் போய் முடியும் என்றார். 1870இல் இருவரும் மேடை போட்டே இதை விவாதித்தார்கள்.

சென்னைக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. 1878 முதல் 1888 வரை இயங்கிய சென்னை இலௌகிக சங்கத்தார், 1882 முதல் 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழை நடத்தினார்கள். 'செக்யுலர்' என்பதற்கு அவர்கள் எடுத்த சொல் 'இலௌகிகம்'. அந்தச் சொல்லின் ஜாதகமும் கிட்டத்தட்ட அதேதான். பிராமணர்களுக்குள்ளேயே பூசை, புரோகிதம் பார்ப்பவர் வைதிகர். உத்தியோகம் பார்ப்பவர் லௌகிகர். அங்கே மடத்துச் சாமியாரும் ஊர்ச் சாமியாரும் போல, இங்கேயும் பிரிவினை மதத்துக்கு உள்ளேயே போடப்பட்டதுதான். இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு பிறகு வரவில்லை என்பது என் எண்ணம்.

3. வேர் இருக்குன்னு சும்மா சொல்லிட முடியுமா? எதை வெச்சு முடிவு பண்றது?

வேர் மூன்று வழியில் வரலாம். ஆள்வழி: மதத்துக்குள் வளர்ந்தவர் வெளியே வந்து தொடங்குவது. வடிவவழி: சடங்கு, நாள்காட்டி, பாட்டு, பிரசங்கம் ஆகியவற்றின் அச்சை எடுத்து உள்ளே வேறு சரக்கை ஊற்றுவது. கருத்துவழி: ஒரு மதக் கருத்தே கடவுளை உதிர்த்துவிட்டுத் தொடர்வது. முதல் இரண்டையும் ஆவணத்தால் காட்டலாம். மூன்றாவதில்தான் ஆள் ஆளுக்கு அளந்துவிடுவார்கள்.

ஒரு கூற்றைச் சோதிக்க நான்கு படி போதும். பழைய வடிவத்தைக் குறிப்பாகச் சொல்ல முடிகிறதா? "மதம் மாதிரி" என்றால் செல்லாது. "லூத்தரன் சபையின் திடப்படுத்தல், 14 வயது" என்று சொல்ல வேண்டும் (திடப்படுத்தல் என்பது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபின் தன் விசுவாசத்தைச் சபை முன் உறுதிசெய்யும் சடங்கு). அடுத்து, எடுத்தவருக்கு அது தெரிந்திருந்ததா, அவரே எங்காவது சொல்லியிருக்கிறாரா? மூன்றாவது, அதே வடிவம் ரோமானியக் குடியரசு, தொழிற்சங்கம், ராணுவம் போன்ற வேறு இடத்திலிருந்து வந்திருக்க முடியுமா? கடைசியாக, எடுக்கும்போது எது மாறியது? பலரும் வழுக்குவது மூன்றாம் படியில். கூட்டம் கூடிப் பாடுவது, கொடி பிடிப்பது, தலைவர் படத்துக்கு மாலை போடுவது எல்லாம் மதத்துக்கு மட்டும் சொந்தமில்லை.

4. ஆள்வழின்னா யாரு? ஒண்ணு ரெண்டு பேர் சொல்லுங்க.

ஒரு சபையே உண்டு. 1793இல் லண்டனில் "நித்திய நரகம் என்பதை ஏற்க முடியாது" என்று பிரிந்த ஒரு கிறிஸ்தவக் கூட்டம், பிறகு ஒரே கடவுள் கொள்கையான யூனிட்டேரியனுக்கு நகர்ந்தது. 1888இல் சவுத் பிளேஸ் அறநெறிச் சங்கமாகிக் கடவுளையும் விட்டது. 1929இல் கான்வே ஹால் கட்டியது. எந்தக் கட்டத்திலும் சபையைக் கலைத்துப் புதிதாகத் தொடங்கவில்லை. முதலில் நரகம் போயிற்று, பிறகு திரித்துவம், பிறகு கடவுள். ஞாயிறு கூட்டம் மட்டும் போகவில்லை.

நியூயார்க்கில் 1876இல் அறநெறிப் பண்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கிய ஃபீலிக்ஸ் ஆட்லர், யூத மதகுருவான ரபி சாமுவேல் ஆட்லரின் மகன். அப்பாவுக்குப் பின் அந்தப் பீடத்துக்கு வருவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர். பிராட்லா சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர். திடப்படுத்தலுக்குத் தயாராகும்போது, ஆங்கிலிக்கன் சபையின் 39 மார்க்க விதிகளும் நான்கு சுவிசேஷங்களும் சில இடங்களில் ஒத்துப்போகவில்லையே என்று குருவானவரிடம் கேட்டதில்தான் எல்லாம் தொடங்கியது.

அன்னி பெசன்ட்டைத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அடையாறுக்கு முந்தைய கதை அவ்வளவாகத் தெரியாது. குருவானவரின் மனைவியாக இருந்து பிரிந்து வந்தவர், பிராட்லாவின் சங்கத்தில் முன்னணிப் பேச்சாளரானார். 1876இல் செக்யுலர் கூட்டங்களுக்கென்று ஒரு பாட்டுப் புத்தகமே தொகுத்தார். கடவுள் இல்லாத பாமாலை! 1889இல் பிரம்மஞானத்துக்குப் போனார். ஆள்வழி வேர் ஒருவழிப் பாதை இல்லை என்பதற்கு அவரே சாட்சி.

5. பிரெஞ்சுப் புரட்சியில காலண்டரையே மாத்தினாங்களாமே, ஏன் நிக்கல?

1793 அக்டோபரில் சட்டமானது. 1792 செப்டம்பர் 22 முதல் நாள். 12 மாதம், ஒவ்வொன்றும் 30 நாள், மாதத்துக்கு மூன்று பத்துநாள் 'வாரம்'. மிச்சம் 5 நாள், மிகுநாள் (லீப்) ஆண்டில் 6. நோக்கம் ஞாயிற்றுக்கிழமையையும் புனிதர் திருநாள்களையும் ஒழிப்பது.

கணக்கிலேயே உதைத்தது. ஏழு நாளுக்கு ஒரு ஓய்வு என்றால் ஆண்டுக்கு 52. பத்து நாளுக்கு ஒன்று என்றால் 36. உழைப்பவனுக்கு இது புரட்சியாகவா தெரியும்? கிராமச் சந்தை, கூலி, கோயில் மணி எல்லாம் ஏழின் தாளத்திலேயே நின்றன. மாதப் பெயர்கள் பாரிஸ் வானிலையைப் பார்த்து வைத்தவை. கரீபியன் காலனியில் 'பனி மாதம்' என்றால் சிரிப்புத்தான். ஆண்டுப் பிறப்பை இலையுதிர்காலச் சம இரவுநாளை வானியல் கணக்கால் கண்டு குறிக்க வேண்டியிருந்ததால், எந்த ஆண்டு மிகுநாள் ஆண்டு என்பதற்கு எளிய விதி இல்லை. நெப்போலியன் 1801இல் போப்பாண்டவரோடு ஒப்பந்தம் செய்தபின் ஞாயிறு திரும்பியது. 1806 ஜனவரி 1 முதல் பழைய காலண்டரே வந்துவிட்டது.

விழாக்களின் கதி இதைவிட மோசம். 1793 நவம்பர் 10 அன்று நோத்ர் தாம் பேராலயத்துக்குள் அட்டை மலை கட்டி, உச்சியில் தத்துவக் கோயில் வைத்து பகுத்தறிவு விழா நடந்தது. புரட்சித் தலைவர் ரோபஸ்பியருக்கு அது பிடிக்கவில்லை. நாத்திகம் மேட்டுக்குடிச் சமாச்சாரம் என்பது அவர் எண்ணம். 1794 ஜூன் 8 அன்று 'பரம்பொருள் விழா' நடத்தி நாத்திகத்தின் கொடும்பாவியை எரித்தார். எரிந்த பொம்மைக்குள்ளிருந்து ஞானத்தின் சிலை வெளிப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. வெளிப்பட்டது, கரி பூசிக்கொண்டு. அன்று பெந்தெகொஸ்தே ஞாயிறு, ஈஸ்டரிலிருந்து ஐம்பதாம் நாள் வரும் திருநாள். அதற்கு ஐம்பதாம் நாள் அவர் தலையே போயிற்று.

6. அகஸ்ட் காம்ட் ஒரு மதமே உண்டாக்கினாராமே, அதுல என்னதான் இருந்தது?

மூன்றாவது பதிலின் 'வடிவவழி'க்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. பிரெஞ்சுத் தத்துவ அறிஞரான காம்ட் 1798இல் மோன்பெலியேயில் கத்தோலிக்க, அரச விசுவாசக் குடும்பத்தில் பிறந்தவர். 1817 முதல் 1824 வரை சோசலிச முன்னோடியான சான் சிமோனின் செயலாளர். அந்தக் குருவின் வழிவந்தவர்கள் 1832இல் பாரிஸை ஒட்டிய மெனில்மோன்தானில் மடம்போல ஒரு வீட்டில் கூடி வாழ்ந்தார்கள். அவர்கள் போட்ட உள்சட்டைக்குப் பொத்தான் முதுகுப் பக்கம். இன்னொருவர் கை கொடுக்காமல் போடவே முடியாது. சகோதரத்துவத்தைத் தினமும் காலையில் நினைவூட்ட ஒரு தையல்காரர் உத்தி! காம்ட் அதற்குள் அவர்களை விட்டு விலகிவிட்டார்; ஆனால் ஊறிய ஊறல் அதே ஊறல்தான்.

அவருடைய 'மனிதகுல மதம்' 1849இல் ஒரு நாள்காட்டி போட்டது. 28 நாள் கொண்ட 13 மாதம், மொத்தம் 364. மிஞ்சும் ஒரு நாள் இறந்தோர் அனைவருக்கும். மிகுநாள் புனிதப் பெண்களுக்கு. உபரி நாள்களுக்குக் கிழமை கிடையாது. ஆகவே எல்லா மாதமும் திங்களில் தொடங்கி ஞாயிற்றில் முடியும். 14ஆம் தேதி என்றால் எந்த ஆண்டும் ஞாயிறுதான். மாதங்களுக்கு மோசே, ஹோமர், அரிஸ்டாட்டில், ஆர்க்கிமிடீஸ் தொடங்கி ஷேக்ஸ்பியர், டெகார்ட் வழியாக உடலியல் அறிஞர் பிஷா வரை பெயர். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெரியவர், ஞாயிற்றுக்குச் சற்றுப் பெரிய பெரியவர். மோசே மாதம் 14 புத்தர் நாள். நம் கணக்கில் ஜனவரி 14, பொங்கலை ஒட்டி. 28 முகமது நபிக்கு. ஒரு மாதமே புனித பவுலுக்கு உண்டு. இயேசுவுக்கு ஒரு நாள்கூட இல்லை.

அருட்சாதனங்கள் (ஞானஸ்நானம், திருமணம் போன்ற புனிதச் சடங்குகள்) கத்தோலிக்கத்தில் ஏழு, காம்ட்டிடம் ஒன்பது. குழந்தையைச் சபைக்குக் காட்டுதல், 14இல் தொடக்கம், 21இல் சேர்ப்பு, 28இல் தொழில் ஏற்பு, பிறகு திருமணம், 42இல் முதிர்ச்சி, 63இல் ஓய்வு, சாவில் 'மாற்றம்'. கடைசியானது இறந்து ஏழு ஆண்டு கழித்து: ஆள் தேறுவாரா என்று குருமார் தீர்ப்புச் சொல்லி, தேறினால் மனிதகுலத்தோடு இணைப்பார்கள். வயதெல்லாம் ஏழின் மடங்கில் வருவதைக் கவனியுங்கள். அறிவியலாளருக்கு எண் மீது இவ்வளவு பக்தி ஆகாது.

7. அப்போ அது கத்தோலிக்கத்தோட காப்பிதானே? அதோட போச்சா?

"கிறிஸ்தவத்தைக் கழித்த கத்தோலிக்கம்" என்று உயிரியலாளர் ஹக்ஸ்லி அப்போதே கிண்டல் செய்தார். "அறிவியலைக் கூட்டிய கத்தோலிக்கம்" என்று காம்ட்டின் சீடர் காங்கிரீவ் திருப்பிக் கொடுத்தார். வசை மாதிரி தெரிந்தாலும் இரண்டும் சரியான விவரிப்புதான், காம்ட்டே மறைக்கவில்லை.

ஐரோப்பாவில் அது சிறு குழுவாகவே நின்றது. சடங்கைக் கேட்டவர்களுக்கு ஏற்கெனவே தேவாலயம் இருந்தது. சடங்கே வேண்டாம் என்றவர்கள் இங்கே ஏன் வருகிறார்கள்? பிரேசிலில்தான் தழைத்தது. 1881இல் மிகேல் லெமோஸ் ரியோவில் காம்ட் கொள்கைக்கான பாசிட்டிவிஸ்ட் சபை தொடங்கினார். 1889இல் குடியரசு வந்த நான்காம் நாள் ஏற்கப்பட்ட கொடியை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் தெய்ஷெய்ரா மென்டெஸ், அந்தச் சபைக்காரர். கொடியில் உள்ள 'ஒழுங்கும் முன்னேற்றமும்' காம்ட்டின் வாசகத்திலிருந்து எடுத்தது. முழு வாசகம் அன்பைத் தொடக்கமாகவும் ஒழுங்கை அடித்தளமாகவும் முன்னேற்றத்தை இலக்காகவும் சொல்கிறது. கொடியில் ஏறும்போது அன்பு விட்டுப்போயிற்று. இன்னொரு மிச்சம்: பிறர்நலம் என்ற பொருளில் ஐரோப்பிய மொழிகளில் புழங்கும் 'ஆல்ட்ரூயிசம்' காம்ட் ஆக்கிய சொல்.

8. முன்னேற்றம்ங்கற எண்ணமே கிறிஸ்தவத்துலேர்ந்து வந்ததுன்னு சொல்றாங்களே?

இது கருத்துவழி, ஆகவே மெதுவாகப் போக வேண்டும். 12ஆம் நூற்றாண்டு இத்தாலியத் துறவி ஃபியோரேயின் யோவாக்கிம், வரலாற்றைப் பிதாவின் காலம், சுதனின் காலம், பரிசுத்த ஆவியின் காலம் என்று மூன்றாகப் பிரித்தார். காம்ட்டும் இறையியல் கட்டம், தத்துவக் கட்டம், அறிவியல் கட்டம் என்று மூன்று போட்டார். ஜெர்மன் தத்துவ அறிஞர் கார்ல் லோவித் 1949இல் இந்த வகைச் சங்கிலியைக் காட்டி, நவீன முன்னேற்றக் கொள்கை கிறிஸ்தவ மீட்பு எதிர்பார்ப்பின் உலகியல் உருவம் என்றார். இன்னொரு ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹான்ஸ் புளூமென்பெர்க் 1966இல் மறுத்தார். அவர் வாதம் இது: கிறிஸ்தவம் சொல்லும் உலக முடிவு வரலாற்றுக்கு வெளியிலிருந்து வந்து குறுக்கிடுவது. முன்னேற்றமோ வானியல் போன்ற துறைகளில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவிலிருந்து உள்ளே வளர்ந்தது. கிறிஸ்தவம் விட்டுச் சென்றது பதிலை அல்ல, 'மொத்த வரலாற்றுக்கும் பொருள் என்ன' என்ற கேள்வியை. காலியான நாற்காலியில் புதியவர் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

நான்கு படிச் சோதனையில் போட்டால் புளூமென்பெர்க் பக்கமே எடை கூடுகிறது. மூன்று மூன்றாகப் பிரிப்பதற்கு யோவாக்கிம் தேவையில்லை.

9. கம்யூனிசம் ஒரு மதம்தானே, லெனின் உடம்பையே வெச்சு கும்பிடறாங்களே?

எந்தப் பகுதி என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆள்வழி உறுதி: 19ஆம் நூற்றாண்டு ரஷ்யப் புரட்சிச் சிந்தனையாளர்கள் செர்னிஷேவ்ஸ்கி, தொப்ரொலியுபொவ் இருவரும் குருமாரின் பிள்ளைகள், குருமடத்தில் படித்தவர்கள். ஸ்டாலின் 1894 முதல் 1899 வரை திஃப்லிஸ் குருமடத்தில். வடிவவழியும் உண்டு. ரஷ்ய வீட்டில் திருவுருவப் படங்கள் வைக்கும் மூலைக்குச் 'சிவப்பு மூலை' என்று பெயர். ஆலைகளிலும் மன்றங்களிலும் லெனின் படம் வைத்த வாசிப்பு மூலைக்கும் கட்சி அதே பெயரைத்தான் வைத்தது. ஞானஸ்நானத்துக்குப் பதில் 'அக்டோபர்' சடங்கு நடத்தி, லெனினைத் திருப்பிப்போட்டு 'நினெல்' என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். போல்ஷெவிக் தலைவர் லுனசார்ஸ்கியும் எழுத்தாளர் கார்க்கியும் சோசலிசத்தையே மதமாக்கும் 'கடவுள் கட்டுதல்' பேசியபோது, கடுமையாக எதிர்த்தவர் லெனின்தான்.

அவர் உடல் விஷயம் சிக்கல். புனிதர்களின் உடல் அழியாது என்ற நம்பிக்கையை உடைக்க 1918 முதல் புனிதர் பேழைகளைத் திறந்து காட்டியவர்கள், 1924இல் தங்கள் தலைவரின் உடலை அழியாமல் வைத்தார்கள். ஒற்றுமை கண்ணை உறுத்துகிறது. ஆனால் படிப்படியாகப் பார்த்தால், முதலில் கூட்டம் குறையாததால் அடக்கத்தைத் தள்ளிப்போட்டார்கள், கடும் குளிர் உதவியது, மார்ச்சில் பனி இளகும் முன் வேதியியலாளர்களைக் கூப்பிட்டார்கள். மனைவி குரூப்ஸ்காயா அப்படியெல்லாம் புகழஞ்சலி செய்ய வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதினார். புனிதர் உடலைப் பார்த்துத்தான் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று அடித்துச் சொல்ல இரண்டாம் படிக்குச் சான்று போதாது. தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கு லெனின், ஸ்டாலின் என்று பெயர் வைத்ததும் ஞானஸ்நானச் சாயல் அல்ல. தலைவர் பெயர் வைக்கும் பழக்கம்.

10. மனித உரிமைக்கும் கடவுள்தான் மூலமா?

1776 அமெரிக்கப் பிரகடனம் உரிமைகளைப் படைத்தவர் கொடுத்தது என்கிறது. 1789 பிரெஞ்சுப் பிரகடனம் பரம்பொருளின் முன்னிலையில் அறிவிக்கப்பட்டது. அதை ஓவியமாகத் தீட்டிய லெ பார்பியே, சட்ட வாசகங்களை மோசேயின் பத்துக் கட்டளைப் பலகைபோல இரட்டைப் பலகையில் எழுதி, மேலே முக்கோணத்துக்குள் ஒரு கண்ணை வைத்தார்.

1948 ஐ.நா. உலக மனித உரிமைப் பிரகடனத்தில் கடவுளைச் சேர்க்க பிரேசில் கேட்டது. சீனப் பிரதிநிதி பி. சி. சாங், தம் நாட்டு மரபு வேறு என்று எதிர்த்தார். கடவுளும் இல்லை, 'இயற்கையால்' என்பதும் இல்லை என்று சமரசம் ஆயிற்று. 'எல்லா ஆண்களும்' என்று படிக்கக்கூடிய சொல்லை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்றவைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. வேர் இருந்தது, வேண்டுமென்றே உட்கார்ந்து பேசி வெட்டினார்கள்.

11. வேர் மதத்துல இருக்குன்னா நாத்திகம் பொய்னு ஆயிடாதா?

ஆகாது. வானியல் சோதிடத்தோடு பிறந்தது. அதனால் கிரகணக் கணக்கு தப்பாகிவிடவில்லை. ஈஸ்டர் தேதியைச் சரியாகக் குறிக்கச் சூரியனை அளக்க வேண்டியிருந்தது. அதற்காக பொலோனியா நகரின் சான் பெத்ரோனியோ ஆலயத் தரையிலேயே 1655இல் வானியலாளர் காசினி, நண்பகல் சூரிய ஒளி விழும் இடத்தைக் காட்டும் உச்சிவேளைக் கோடு போட்டார். பிறந்த இடத்தை வைத்து உண்மை பொய் சொல்வது இரு தரப்பும் செய்யும் தப்பு.

12. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் இந்து திருமணச் சட்டத்துக்குள்ளேயே எப்படி வந்தது?

1955 சட்டம் வழக்கமான சடங்கு நடந்தால்தான் திருமணம் செல்லும் என்றது. சடங்கே வேண்டாம் என்றவர்களின் திருமணம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறி 1968இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், 7ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்வது, அல்லது மாலையோ மோதிரமோ அணிவிப்பது, அல்லது தாலி கட்டுவது: இவற்றில் ஏதாவது ஒன்று போதும். முன்பு நடந்தவையும் செல்லும் என்றது. ஆனால் இருவரும் சட்டப்படி இந்துவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சிறப்புத் திருமணச் சட்டம்தான். மதத்தை விட்டு வெளியேறும் கதவு வீட்டுக்குள்ளேயே திறப்பது, இரண்டாம் பதிலின் லௌகிகர் கதை மாதிரியே.

13. கிழக்கு ஜெர்மனியே போயிடுச்சு, அவங்க நடத்தின இளைஞர் சடங்கு ஏன் போகல?

'யூகெண்ட்வைஹே' என்ற அந்தச் சடங்கு அரசு கண்டுபிடித்ததே இல்லை. 19ஆம் நூற்றாண்டு நடுவில் சபைகளை விட்டுப் பிரிந்த சுதந்திர மதக் குழுக்கள், திடப்படுத்தலுக்குப் பதிலாக நடத்தியது. அச்சு அப்படியே: 14 வயது, முன்பாடம், பொது மேடை, வாக்குறுதி, புத்தகப் பரிசு, பிறகு வீட்டு விருந்து. பின்னர் தொழிலாளர் இயக்கம் எடுத்துக்கொண்டது. 1955 முதல் கிழக்கு ஜெர்மன் அரசு நடத்தியது. எட்டாம் வகுப்பில் பத்துப் பாடம், வசந்தத்தில் விழா, சோசலிசத்துக்கு உழைப்பீர்களா என்று கேட்டால் "ஆம், உறுதி கூறுகிறோம்" என்று கோரஸ், கையில் 'பிரபஞ்சம், பூமி, மனிதன்' என்ற புத்தகம். இதில் கலந்தவருக்குத் திடப்படுத்தல் இல்லை என்று சபைகள் முதலில் கண்டிப்புக் காட்டின. மேல்படிப்பு வாய்ப்பு பறிபோகும் என்ற நெருக்கடியில் பெற்றோர் பணிந்தார்கள், சபைகளும் தளர்ந்தன. சில பிள்ளைகள் இரண்டையுமே செய்துகொண்டார்கள்.

1990க்குப் பின் வாக்குறுதி போயிற்று, புத்தகம் மாறிற்று. விழாவை இப்போது தனிச் சங்கங்கள் நடத்துகின்றன. புது உடுப்பு, மேடையில் பெயர் வாசித்துப் பூங்கொத்து, பாட்டி வீட்டிலிருந்து வரும் பண உறை, மதியச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பிடித்து வைத்த உணவக மேசை ஆகியவை அப்படியே இருக்கின்றன.